மால்டாவில் ஒரு திண்டுக்கல்காரி

திண்டுக்கல்லில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். எந்த ஊருக்கு விருந்தாளியாகப் போனாலும், பையை இறக்கி வைத்த கையோடு “தண்ணி எப்ப வரும்?” என்று கேட்டுவிடுவோம். மால்டாவில் தங்கச்சி மகள் வீட்டுப் படியேறியதும் நானும் அதைத்தான் கேட்டேன்.

“எப்பவும் வரும் பெரியம்மா. குழாயைத் திறந்தா போதும்” என்று சிரித்தாள்.

திறந்தேன், வந்தது. ஒரு வாய் குடித்ததும் நாக்கில் லேசாக உப்பு தட்டியது. எங்கள் தெருவில் போர் போட்ட வீடுகளில் வரும் அதே ருசி. “சப்பைத் தண்ணியால்ல இருக்கு?” என்றேன்.

“குடிக்கிறதுக்கு எல்லாரும் பாட்டில்தான் வாங்குறாங்க. கட்டுக்கு ஆறு பாட்டில். ரெண்டு மாடி தூக்கிட்டு வரணும்.”

கடல் தாண்டி வந்திருக்கிறோம் என்ற மலைப்பு அதிலேயே பாதி இறங்கிவிட்டது. தண்ணீருக்கு அல்லாடும் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு பழகுவதில் சிரமம் இருக்காது.

அவள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கேரளத்துப் பெண்கள் முன்னாலேயே போய் வழி போட்டிருக்கிறார்கள். அந்த வழியில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது போகிறார்கள். ஜூலையில் அவளுக்கு லீவு கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஒரு தடவையாவது வந்து பாருங்கள் என்று அவள் விடாமல் கூப்பிட்டாள். வீட்டுக்காரர் முழங்கால் வலியைக் காரணம் காட்டி வரவில்லை.

மத்தியதரைக் கடலின் நடுவில், சிசிலிக்குத் தெற்கே கிடக்கிறது மால்டா. கோசோ, கொமினோ என்ற பக்கத்துத் தீவுகளையும் சேர்த்து மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் இருபதில் ஒரு பங்கு. அதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேல் ஜனம். ஆறு கிடையாது, ஏரி கிடையாது. வருஷத்துக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை. அதுவும் பெரும்பாலும் அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். நான் போன ஜூலையில் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வயல் ஓரத்துக் கற்சுவர்களுக்குள் புல் காய்ந்து கிடந்தது. சுற்றிலும் கடல் பளபளக்க, நடுவில் தீவு தாகத்தோடு இருந்தது.

சுற்றுலா வந்தவர்கள் படகேறி நீலக் கடலில் குளிக்கப் போனார்கள். நாங்களும் ஒரு நாள் போய்க் கால் நனைத்துவிட்டு வந்தோம். மற்ற நேரமெல்லாம் நான் கல்லைப் பார்த்துக்கொண்டு அலைந்தேன். வீடு, கோயில், கோட்டை எல்லாமே மஞ்சள் சுண்ணாம்புக் கல். ரம்பத்தால் அறுக்கிற அளவுக்கு மெத்தென்ற கல். எங்கள் மலைக்கோட்டைப் பாறையில் உளி பட்டால் தீப்பொறி பறக்கும். இங்கே உளி உள்ளே இறங்கும். அந்த மெத்தென்ற கல்தான் இந்தத் தீவைக் காப்பாற்றியது என்று போகப் போகப் புரிந்தது. குடைவதற்கு வசதியான கல் அது. குடைந்த இடமெல்லாம் மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள்.

பாடப் புத்தகத்தில் மால்டா வந்தால், புனித யோவான் சபை வீரர்களோடு வரும். ரோட்ஸ் தீவை 1522-இல் துருக்கிய சுல்தான் சுலைமானிடம் இழந்த அந்த வீரத் துறவிகளுக்கு, 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இந்தத் தீவைக் கொடுத்தார். குத்தகை வருஷத்துக்கு ஒரு வல்லூறு. 1565 மே மாதம் துருக்கியக் கப்பற்படை வந்து இறங்கியது. சென்ட் எல்மோ கோட்டை ஜூன் 23-இல் விழுந்தது. மற்றவை தாக்குப்பிடித்தன. செப்டம்பரில் சிசிலியிலிருந்து உதவிப்படை வந்ததும் முற்றுகை முடிந்தது. அந்த நான்கு மாதத்தைப் பற்றி எழுதியவர்கள் பீரங்கியையும் வீரத்தையும் நிறையச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு ஒரு தகவல். எதிரி முகாம் போடப்போகும் இடம் மார்சா என்று சபைத் தலைவர் லா வலெட்டுக்குத் தெரிந்திருந்தது. தாழ்வான அந்த இடத்தில்தான் ஊற்றுகள் இருந்தன. எதிரி வருவதற்கு முன்பே அவற்றைக் கெடுத்து வைக்கச் சொன்னார். கோடை வெயில், கெட்ட தண்ணீர். துருக்கியர் முகாமில் வயிற்றுக்கடுப்பு ஆளைச் சாய்த்தது.

முற்றுகை முடிந்த மறு வருஷம், 1566 மார்ச் 28-இல், வெறும் பாறை முனையில் புது நகரத்துக்குக் கல் நாட்டினார்கள். லா வலெட்டின் பெயரால் அது வாலெட்டா. போப்பாண்டவர் அனுப்பிய பொறியாளர் பிரான்செஸ்கோ லபரெல்லி, சதுரங்கக் கட்டம் கட்டமாக நேர்த் தெருக்களைப் போட்டுக் கொடுத்தார். வீடு கட்டுபவர்களுக்குச் சில விதிகள் இருந்தன. அதில் ஒன்று, ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் மழைநீர்த் தொட்டி வெட்டியே ஆக வேண்டும் என்பது. தொட்டிக்குத் தோண்டிய கல்லே மேலே சுவராக எழும்பியது. நம் ஊரில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி உத்தரவு வந்தது 2003-இல்.

வாலெட்டாவின் புனித யோவான் இணைக் கதீட்ரலில் கரவாஜியோ 1608-இல் வரைந்த யோவான் தலைவெட்டு ஓவியத்தின் முன்னால் கூட்டம் அலைமோதியது. அவர் தன் பெயரை எழுதிய ஒரே ஓவியம் அதுதான். யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே பெயர் இருக்கிறது. பார்த்துவிட்டு வெளியே வந்ததும் என் கண் தெருவோரக் கூரைகளுக்குத்தான் போனது. ஒவ்வொரு மொட்டை மாடியும் ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கிறது. சரிவின் மூலையில் ஒரு குழாய் சுவரோடு இறங்கி, நிலத்துக்குள் போய் மறைகிறது.

அந்தக் குழாய் போய்ச் சேரும் இடத்தைக் காட்டியது நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரப் பாட்டி. கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். முற்றத்தில் கல் விளிம்போடு ஒரு கிணறு, மேலே இரும்பு மூடி, பூட்டு. திண்டுக்கல்காரி பூட்டைப் பார்த்தால் சும்மா இருப்பாளா? கையில் எடுத்து எடை பார்த்தேன். தொழிற்சாலைச் சரக்கு, லேசாக இருந்தது. எங்கள் நாகல் நகர்ப் பட்டறையில் கையால் அடித்த மாங்காய்ப் பூட்டாக இருந்தால் தூக்கும்போதே தெரியும். பாட்டி மூடியைத் திறந்து, கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தார். வாய் ஒரு ஆள் இறங்கும் அளவுதான். கீழே போகப் போக அகன்று, குதிர்போல வயிறு பருத்திருந்தது. அடியில் ஒரு முழ ஆழத்துக்குத் தண்ணீர். போன மார்கழியில் பெய்த மழை.

விளிம்புக் கல்லில் விரலை வைத்தேன். கயிறு இழுத்து இழுத்து அறுத்த பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் என் சுண்டுவிரல் முழுதாகப் படுத்துக்கொள்ளும் ஆழம். எத்தனை தலைமுறைப் பெண்கள் அங்கே நின்று இறைத்திருப்பார்கள்! ஒரு பக்கத்துப் பள்ளங்கள்தான் ஆழமாக இருந்தன. சமையலறை அந்தப் பக்கம்.

பாட்டி ஆங்கிலத்தில் சொன்னதைத் தங்கச்சி மகள் எனக்கு நிதானமாக எடுத்துச் சொன்னாள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் இத்தாலியும் இந்தத் தீவின் மேல் குண்டு மழை பொழிந்தபோது, பாட்டியின் அம்மா சின்னப் பெண். பக்கத்துப் பாறையில் குடைந்த பதுங்கு அறையில் கிடந்திருக்கிறார்கள். ரொட்டிக்குப் பஞ்சம், மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம். கிணற்றுத் தண்ணீருக்கு மட்டும் யாரிடமும் கையேந்தவில்லை. தீவு முழுவதற்கும் 1942 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசர் ஜார்ஜ் சிலுவை விருதைக் கொடுத்தார். அது இன்றும் அவர்கள் கொடியின் மூலையில் இருக்கிறது. அந்த வருஷம் ஆகஸ்ட் 15-இல், மாதா விண்ணேற்புத் திருநாளன்று, ‘ஒஹாயோ’ என்ற எண்ணெய்க் கப்பல் உடைந்த உடம்போடு துறைமுகத்துக்குள் இழுத்து வரப்பட்டது. அதுவும் வந்திராவிட்டால் சரணடைவதைத் தவிர வழியிருந்திருக்காது.

வாலெட்டாவுக்குப் பஸ்ஸில் போகும் வழியில் சான்டா வெனேராவில் ரோட்டோரமாகக் கல் வளைவுகள் வரிசையாக ஓடுகின்றன. சபைத் தலைவர் விக்னகூர் 1610-இல் தொடங்கி 1615-இல் முடித்த நீர்ப்பாலம். மேற்கே உயரமான ரபாத் பக்கத்து ஊற்றுகளிலிருந்து தலைநகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. மேட்டில் நிலத்துக்கடியில் குழாய். பள்ளம் வரும் இடத்தில் மட்டும் வளைவுகளின் மேல் வாய்க்கால். இந்த வேலையை முதலில் எடுத்துச் செய்தவர் நத்தாலே மசூச்சோ என்ற இயேசு சபைச் சாமியார். எனக்கு ஆத்தூர் காமராஜர் அணையும், வைகைப் பேரணையிலிருந்து வரும் குழாயும், பிறகு வந்த காவிரித் தண்ணீரும் நினைவுக்கு வந்தன. எங்கள் ஊரும் தூரத்துத் தண்ணீரை நம்பி வளர்ந்த ஊர்தான்.

மால்டாவின் ஆகப் பழைய கதையும் தண்ணீர்த் தொட்டியில்தான் தொடங்குகிறது. 1902-இல் புது வீடுகளுக்காகத் தொட்டி வெட்டிக்கொண்டிருந்த கூலியாட்கள், பாறையின் கூரையை உடைத்து ஒரு வெற்றிடத்துக்குள் இறங்கிவிட்டார்கள். கீழே மூன்று அடுக்காகக் குடைந்த மண்டபங்கள். ஏறத்தாழ ஏழாயிரம் பேரின் எலும்புகள். ஹல் சஃப்லியேனி நிலவறை அது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய வேலை; எகிப்துப் பிரமிடுகளுக்கும் மூத்தது. மனித மூச்சின் ஈரம் சுவர்ச் சித்திரங்களை அரிக்கும் என்பதால் ஒரு நாளைக்கு எண்பது பேரை மட்டும் விடுகிறார்கள். மாதக்கணக்கில் முன்பதிவு செய்தவர்களுக்கே இடமில்லை என்றார்கள். அங்கே கிடைத்த ‘உறங்கும் பெண்’ சிற்பத்தை வாலெட்டா அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொண்டேன். உள்ளங்கையில் அடங்கும் சுடுமண் பொம்மை. பருத்த உடம்பு, ஒருக்களித்த படுக்கை, தலைக்கு அணை வைத்த கை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் படுக்கும் அதே படுக்கை.

மேல் பரக்கா தோட்டத்தில் உச்சிவேளைக்குப் பீரங்கி வெடிப்பார்கள் என்று அவள் கூட்டிப்போனாள். கீழே பெரிய துறைமுகம். எதிர்க்கரையில் சென்ட் ஏஞ்சலோ கோட்டை. வகுப்பில் நான் நடத்திய பாடம் அங்கே கண்முன் விரிந்தது. 1798 ஜூனில் எகிப்துக்குப் போகும் வழியில் நெப்போலியன் இந்தத் துறைமுகத்தைப் பிடித்தார். முற்றுகைக்கு அசராத கோட்டை, உள்ளே ஒற்றுமை இல்லாத நாளில் சில நாட்களுக்குள் கைமாறியது. எகிப்திலிருந்து 1799 ஜனவரியில் அவர் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது திப்புவின் கைக்குப் போகாமல் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அந்த மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார்.

அந்தக் கதையின் முன்பாதி எங்கள் ஊரில் நடந்தது. 1605 வாக்கில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் எழுப்பிய மலைக்கோட்டைக்கு, 1755-இல் ஹைதர் அலி பொறுப்பாளராக வந்தார். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு திண்டுக்கல்லில் ஆயுதச்சாலை வைத்தார். பேகம்பூர் என்ற பெயரே, அங்கே அடக்கமாகியிருக்கும் அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தால் வந்தது. 1790-இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல் கும்பினி கைக்குப் போனது. நெப்போலியன் மால்டாவில் இறங்கியபோது, அவர் கைகோக்க நினைத்த திப்புவிடம் எங்கள் பாறை இல்லை.

நம்மவர்கள் மால்டாவுக்கு வருவதும் புதிதல்ல. ரஷ்யாவோடு போர் மூளும் என்ற பயத்தில் 1878-இல் பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ ஏழாயிரம் இந்தியப் படையினரைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது. அதில் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவினரும் உண்டு. பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், கிணறு தோண்டுவதும்தான் அவர்கள் தொழில். சண்டை வரவில்லை, கொஞ்ச நாளில் அங்கிருந்து சைப்ரஸுக்குப் போனார்கள். இந்தத் துறைமுகப் படிகளில் தமிழ் பேசிக்கொண்டு ஏறியிருப்பார்கள் என்று சொன்னதும், அவள் பீரங்கியை விட்டுவிட்டுப் படிகளைப் போட்டோ எடுத்தாள்.

கோர்மியில் புனித செபஸ்தியார் திருவிழா ஜூலையில்தான். எனக்குச் சொல்ல வேண்டுமா? எங்கள் முத்தழகுபட்டி செபஸ்தியாருக்கு ஆகஸ்டில் திருவிழா. நேர்ச்சை ஆடும் கோழியும் குவிந்து, ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாக வெந்து, சாதி மதம் பாராமல் ஊரே பந்தியில் உட்காரும். கோர்மியில் பித்தளை வாத்தியக் குழுக்கள், தெருவெங்கும் பட்டுத் தோரணம், காதைப் பொத்தவைக்கும் வெடி, தோளில் சுருபம். பையன்கள் வியர்க்க விறுவிறுக்கத் தோள் மாற்றினார்கள். சாப்பாட்டுக்குத்தான் கடை கடையாக அலைய வேண்டியிருந்தது. “பந்தி எங்கடி போடுவாங்க?” என்றேன். “பந்தியெல்லாம் இல்ல பெரியம்மா, காசு குடுத்து வாங்கணும்.” பாதாம் மிட்டாயை ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தாள். செபஸ்தியார் விழாவில் பசியோடு நின்றது அதுதான் முதல் தடவை.

மேலே சொன்னதையெல்லாம் வைத்து, மால்டாக்காரர்கள் தண்ணீரில் கெட்டிக்காரர்கள் என்று முடித்துவிட முடியாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிய மழை, தீவின் அடியில் கடல் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவோடு எடுத்தால் நல்ல தண்ணீர். போர் போட்டு வேகமாக உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். ஏறிவிட்டது. 1980-களின் தொடக்கத்திலிருந்து கடல் தண்ணீரை எந்திரத்தில் சுத்திகரித்துத்தான் சமாளிக்கிறார்கள். இன்று குழாயில் வருவதில் பாதிக்கு மேல் அப்படி வருவதுதான். அந்த எந்திரம் ஓட மின்சாரம் வேண்டும். புது அடுக்குமாடிகளிலும் தொட்டி கட்ட வேண்டும் என்றுதான் சட்டம். கட்டாதவர்கள் நிறையப் பேர். அதனால் ஐந்து மாதம் தாகத்தில் கிடக்கும் தீவில், மழை கொட்டினால் பிர்கிர்காரா, எம்சீடா தெருக்களில் கார் மிதக்கிறது. வீட்டுக்காரப் பாட்டியும் கிணற்றுத் தண்ணீரைச் செடிக்கும் முற்றம் கழுவவும்தான் வைத்திருந்தார். “என் பிள்ளைகள் இதை மூடி அறையாக்கிவிடுவார்கள்” என்றார். இந்தப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எங்கள் தெருவிலும் 2003-இல் தோண்டிய மழைநீர்க் குழிகள் பலவற்றின் மேல் இன்று பைக் நிற்கிறது.

திரும்பி வந்த ஆவணியில் மலைக்கோட்டைக்கு ஏறினேன். தொல்லியல் துறை டிக்கெட் வாங்கி, பாறையில் வெட்டிய படிகளில் மூச்சு வாங்க வாங்க. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுலா போன காலத்தில் பீரங்கி மேடையையும், வெடிமருந்துக் கிடங்கையும், மூலவர் இல்லாத உச்சிக் கோயிலையும்தான் காட்டியிருக்கிறேன். இந்தத் தடவை பாறையில் மழைத் தண்ணீர் தேங்கும் சுனைகளைப் பார்த்தேன். வழுக்குப் பாறையின் சரிவே கூரை; சரிந்து வரும் தண்ணீரை நிறுத்தும் இடத்தில் சுனை. உச்சியில் ஒரு படையை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டுமென்றால் இந்தப் பள்ளங்கள் இல்லாமல் நடக்குமா? சுவரின் உயரத்தைத் தகவல் பலகையில் எழுதுகிறார்கள். சுனையில் எத்தனை குடம் நிற்கும் என்று எழுதுவதில்லை. கோட்டை எத்தனை நாள் தாங்கும் என்பது அதில்தான் இருந்திருக்கிறது.

இறங்கி வந்து பிளம்பரைக் கூப்பிட்டேன். மொட்டை மாடித் தண்ணீரை வாசல் சம்ப்பில் விட வேண்டும் என்றதும், “எதுக்கும்மா? இன்னும் நூறடி போர் இறக்கிரலாமே” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாடியைக் கூட்டிக் கழுவி, சரிவு பார்த்து, மூலையில் பைப் இறக்கினோம். முதல் மழையை வெளியே விடத் தனி வால்வு. அடுத்து ஜல்லி, மணல், அடுப்புக்கரி போட்ட ஒரு வடிகட்டித் தொட்டி. கொசு நுழையாமல் சம்ப்புக்கு இறுக்கமான மூடி. அதற்கு ஒரு நல்ல பூட்டு. ஐப்பசியில் நாலு மழை அடைத்துப் பெய்தது.

“ஐரோப்பா போனவங்க சாக்லேட்டு கொண்டாருவாங்க. இவ ஒரு பைப்பைக் கொண்டாந்திருக்கா” என்று வீட்டுக்காரர் வந்த போன சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கார்த்திகை பிறந்து முடியும்வரை அவர் தண்ணீர் லாரிக்காரருக்குப் போன் போடவில்லை.